என் வாய் மூடியிருக்க என் குரல் பேசிய கதை

இந்தப் பேரவைக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் வட்டத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் துணைத் தலைவர் அவர்களே! மலை இறங்கி, ஆறு தாண்டி, இருநூற்றுப் பதினான்கு ஊர்களிலிருந்து வந்து குழுமியிருக்கும் என் உடன்பிறவா ஊர்த் தலைவர்களே, தலைவிகளே! நரைத்த தலையும் நரைக்காத வாயுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர் சங்கப் பெரியவர்களே! விடியலிலிருந்து அரிசிப் பிட்டு அவித்து, அந்த ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் மகளிர் சங்கத் தாய்மார்களே! சியோல் மாநகரிலிருந்து மடிக்கணினியோடு வந்திருக்கும் பொறியாளர் பேங் சோங்வூ தம்பி அவர்களே! முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கோரியோங்காரம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் தால்கோல் ஊர்த் தலைவி மா யோன்சிம் தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

க்ஹும்... மன்னியுங்கள், இது இருமல். இந்த இருமலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கால் மணி நேரத்துக்கு முன் இந்த அரங்கத்தின் ஒலிபெருக்கியில் ஒரு வரவேற்புரை கேட்டீர்கள். "அன்பு நெஞ்சங்களே, வருக வருக" என்று தேனொழுகப் பேசியது யார்? கை தட்டினீர்களே, யாருக்குத் தட்டினீர்கள்? எனக்கா? நான் அப்போது ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து, வாய் நிறையப் பிட்டை அடைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தேன்! பக்கத்தில் இருந்த ஓர் ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், மெதுவாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு வாயில் இருந்த பிட்டு தொண்டையில் இறங்கவில்லை.

என் முன்னால் இந்த மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. என் பேச்சின் முடிவில் இதை நான் அழுத்த வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். அழுத்தினால் இன்று மாலை முதல் இருநூற்றுப் பதினான்கு ஊர்களிலும், அந்தந்த ஊர்த் தலைவரின் குரலிலேயே, இயந்திரம் ஒலிபெருக்கிக் கம்பம்தோறும் அறிவிப்புச் செய்யும். உங்கள் குரல்கள் சென்ற மாதமே பதிவாகிவிட்டன. சென்ற மார்ச் மாதக் காட்டுத்தீயில், அன்று தால்கோலில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேரை இந்த இயந்திரம் வெளியேற்றியது என்று எழுதி எனக்கு ஒரு கேடயமும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கனமான கேடயம். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அந்த நாற்பத்திரண்டாவது ஆளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்களை அறிவியலின் பகைவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்! ஊர்ப் பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியில் அறிவியல் செய்தி பார்க்காமல் தால்கோலில் யாருக்கும் பகல் சோறு செரிக்காது. "இன்னும் இருபது ஆண்டுகளில் மனிதன் நூற்றைம்பது வயது வாழ்வான்" என்றார் ஒரு பேராசிரியர். எங்கள் ஊரில் உழவு வண்டி ஓட்டும் ஹோ மான்சிக் கேட்டார், "வாழட்டும்ப்பா. யாரோட முட்டியை வெச்சுக்கிட்டு?" மறுவாரம், ஓட்டுநர் இல்லாமல் தானே உழும் வண்டி வந்துவிட்டது என்று காட்டினார்கள். "அப்ப வேலை முடிஞ்சு மக்கோலிக் கள்ளு குடிக்கிறது யாரு? வண்டியா?" என்றார் மான்சிக். அதற்கு மறுவாரம், தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தானே சொல்லும் குளிர்ப்பெட்டி வந்தது. கோரியோங்காரம்மா சொன்னார், "சொல்லட்டும். என் மருமக வந்து நிக்கிற நேரத்துல மட்டும் வாயை மூடிக்கிட்டிருந்தா சரி."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம். சிரிப்பதற்கு வாகாக அறிவியல் தொலைவில் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தது. அது ஒருநாள் எங்கள் கம்பத்தில் ஏறி உட்காரும் என்றோ, என் தொண்டையை மாட்டிக்கொண்டு உட்காரும் என்றோ எங்களில் யார் நினைத்தோம்?

கோரியோங்காரம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தீ வரைக்கும் எனக்கும் அவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் மகளிர் சங்கத்தார் கூடிக் கிம்ச்சி ஊறுகாய் போட்ட நாளில், அவர் போட்டதை வாயில் வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். அவ்வளவுதான். "பல்லு போனவளுக்கு ருசி எங்கேருந்து தெரியும்?" என்றார் அவர். எழுபது தலை முட்டைக்கோசுக்கு நடுவில் சொன்னார். அன்று கிழிந்தது உறவு. தெரியாமல்தான் கேட்கிறேன் தாய்மார்களே, மன்னிக்கக்கூடிய பேச்சா அது? ... கேட்டீர்களா கோரியோங்காரம்மா, தாய்மார்கள் என் பக்கம்!

சரி, கதைக்கு வருகிறேன். பதினோரு ஆண்டுகளாக விடியற்காலை ஆறு மணிக்கு நான் பொதுக்கூடத்துக்கு நடந்துபோய் மைக்கைத் தட்டுவேன். இருமுவேன். ஒரு பாட்டுப் போடுவேன். பாட்டு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். காது மந்தமானவர் தொலைக்காட்சியைத் தணிக்க வேண்டும், கொட்டகைக்குள் இருப்பவர் வெளியே வர வேண்டும். அதன் பிறகு "ஆ, ஆ" என்று இரண்டு முறை சொல்லித்தான் செய்தியைத் தொடங்குவேன். உரம் வந்துவிட்டது, தடுப்பூசி போட வருகிறார்கள், யாருடைய மாடோ யாருடைய பூண்டையோ மேய்கிறது, எல்லாம் என் தொண்டை வழியாகத்தான் ஊருக்குப் போனது. தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, குறைவாகப் பேசு என்றார் மருத்துவர். சேவலைப் பார்த்துக் குறைவாகக் கூவு என்று சொல்லலாமா?

அந்த நேரம் பார்த்துத்தான் பேங் தம்பி வந்தார். மூன்று நாள் என்னை அறைக்குள் உட்கார வைத்து அறுநூறு வாக்கியம் படிக்கச் சொன்னார். "நாளை மழை பெய்யும்" என்பதை மகிழ்ச்சியாக ஒரு முறை, வருத்தமாக ஒரு முறை, அவசரமாக ஒரு முறை. மழைக்கு எதற்கு வருத்தம் என்று கேட்டேன். படியுங்கள் என்றார். நான்காம் நாள் மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

"தலைவரம்மா, இருமலை எடுத்துட்டோம்."

"எடுத்து எங்கே தம்பி வெச்சிருக்கீங்க?"

"இல்லம்மா, அழிச்சாச்சு. முன்னாடி போடுற பாட்டையும் தூக்கியாச்சு. அறிவிப்புக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம்."

"ஊர்ச் சனங்க பேரெல்லாம்?"

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க. பதிவேட்டுலேர்ந்து நேரா வந்துடும். ஓர் எழுத்து பிசகாது."

அவையோரே, அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும்! எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைப் பதிவேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? வாழ வந்த பெண் பிறந்த ஊரைப் பெயராகச் சுமந்து வருகிறாள். கோரியோங்கில் பிறந்தவள் கோரியோங்காரி, யோங்வோலில் பிறந்தவள் யோங்வோல்காரி. சாகும்வரை அதுதான் பெயர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். சொன்னேனா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? மறுநாள் விடியலில் பனியில் நடக்க வேண்டாம், ஏழு மணிவரை தூங்கலாம் என்ற ஆசை என் வாயை அடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை இன்னொருத்தியைச் சுடப் பார்த்தது.

முதல் நாள் காலை சோற்றில் கரண்டியை வைத்தேன். வாசல் கம்பத்திலிருந்து நான் பேசினேன். கரண்டி கை நழுவிக் கீழே விழுந்தது. செத்தவர் குரல் கேட்டால் பேய் என்கிறோம். உயிரோடு இருப்பவள் குரல் அவள் வாய் திறக்காமலே கேட்டால் அதற்கு என்ன பெயர்? "மேம்பாடு" என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கோ பிடித்துப்போயிற்று. அந்தக் குரல் திட்டாது, இருமாது, நடுவில் "மான்சிக், வண்டியை வழியில நிறுத்தாதீங்க" என்று கத்தாது. கோரியோங்காரம்மா பொதுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார், "மிஷினானதுக்கு அப்புறமாவது அவளுக்கு மரியாதை வந்துச்சே!"

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். தொலைபேசி ஏமாற்றுக்காரர்களைப் பற்றிக் காவல் நிலையம் ஒரு துண்டுத்தாள் கொடுத்ததே, உங்கள் ஊர்களுக்கும் வந்ததே! "உங்கள் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவசரப்படுத்தி, வீட்டை விட்டு வெளியே வரச் சொன்னால் நம்பாதீர்கள். பதில் பேசாதீர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள்." அதைத் திங்கள்தோறும் நான்தான் படித்தேன். இரண்டு ஆண்டுகள், இந்தத் தொண்டையால், இருமலோடு படித்தேன்.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

அன்று பகல் நான் நகரத்தில் பல் மருத்துவரிடம் இருந்தேன். ஆமாம், போன பல்லுக்குப் பதில் பல் வைக்கத்தான். கோரியோங்காரம்மா சொன்ன சொல் ஆறு வருடம் அரித்திருந்தது! ஊசி போட்டு இடது கன்னம் முழுக்க மரத்துக் கிடந்தது. கைபேசி அடித்தது. மான்சிக்.

"தலைவரம்மா, எங்கே இருக்கீங்க? முகட்டுக்கு அந்தப் பக்கம் எரியுது! கூடத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்த அத்தனை பேரையும் வண்டிக்குப் பின்னால பெட்டியை மாட்டி ஏத்திட்டேன். பள்ளிக்கூட மைதானத்துக்குப் போறேன். ஆனா நீங்க யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே, யாரும்மா அது?"

"நாம் எம்ம்கே ம்மூப்பிட்டேன்?" என்றேன். மரத்த வாயில் அவ்வளவுதான் வந்தது.

அவர் கைபேசியைக் கம்பத்தின் பக்கம் நீட்டினார். கேட்டேன். காற்றின் இரைச்சலுக்கு நடுவில், பதற்றமே இல்லாமல், பட்டுப்போன்ற என் குரல் கேட்டது. "பியோ ஜோம்சுன் அவர்களே, உடனடியாக வீட்டை விட்டு வெளியேறுங்கள். பியோ ஜோம்சுன் அவர்களே, உடனடியாக வெளியேறுங்கள்."

மான்சிக் கத்தினார், "இந்தப் பேருல நம்ம ஊர்ல யாரும்மா இருக்கா?"

பெரியோர்களே, தாய்மார்களே! பதினோரு ஆண்டு ஊர்த் தலைவி நான். என் குரலே கூப்பிடுகிறது. கூப்பிடப்படுவது யார் என்று எனக்குத் தெரியவில்லை! மருத்துவர் கையைத் தட்டிவிட்டு, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்கு ஓடி வாடகைக் கார் பிடித்தேன். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக விரல் விட்டு எண்ணினேன். கீழ்த்தெரு கணக்கில் வந்துவிட்டது, நடுத்தெரு வந்துவிட்டது. மேட்டு வீடு? ஆப்பிள் தோட்டத்து மேட்டு வீடு? தனியாகக் கிளை கவாத்து செய்துகொண்டிருப்பாளே, கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறவளாயிற்றே! அந்தக் கைபேசி நகரவில்லை என்று கண்டுபிடித்துத்தான் இயந்திரம் பெயர் சொல்லி அழைத்தது. ஆறு வருடமாக நான் வாயால் உச்சரிக்காதவள்தான் பியோ ஜோம்சுன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாலத்துக்கு வந்தேன். காவலர் கையை விரித்து மறித்தார். மான்சிக்கும் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அங்கேதான் மறிபட்டு நின்றார்.

காவலர் சொன்னார், "காத்து திரும்பிடுச்சும்மா, யாரையும் விட முடியாது. கம்பத்துல அறிவிப்புப் போயிக்கிட்டிருக்கு, கேட்டா அவங்களே வந்துடுவாங்க."

"அம்மு ம்மாம் இல்ல!" என்றேன். அது நான் இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? ஆற்றுக்கு அப்பால் ஐந்து கம்பங்களிலிருந்து நான் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் எச்சில் வழிய நின்றவள்தான் போலி!

கடவுள் அங்கே ஒரு முட்டை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். மறிக்கப்பட்டு நின்ற அந்த வண்டியின் கூரைமேல் இருந்த குழாய் ஒலிபெருக்கி, "முட்டை வந்திருக்கு, நல்ல முட்டை" என்று நெருப்பைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. அதுவும் பதிவுக் குரல்தான். பாய்ந்துபோய் அதை அணைத்து மைக்கைப் பிடுங்கினேன். மேட்டு வீட்டைப் பார்த்து, "அக்கா! கோரியோங் அக்கா! வாங்கக்கா, நெருப்பு!" என்று, மரத்த வாயில் வந்த அளவுக்குக் கத்தினேன்.

மேட்டில் அசைவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். அசைவில்லை. கம்பத்தில் நான் அமைதியாக, "பியோ ஜோம்சுன் அவர்களே" என்றேன். வண்டியில் நான் அழுதுகொண்டு, "அக்கா" என்றேன். இரண்டு யோன்சிம்கள் கூப்பிட்டும் ஒரு கோரியோங்காரி எழுந்து வரவில்லை.

அப்போது இருமல் வந்தது. புகையால் வந்ததோ, பயத்தால் வந்ததோ, மைக்கில் அப்படியே இருமித் தள்ளினேன். இருமி முடித்ததும் ஆறு வருடக் கோபம் வாயில் வந்து நின்றது. "ஏ கோரியோங்காரி! உப்புக் கிம்ச்சிக்காரி! உன் கிம்ச்சியை நாய்கூட மோந்து பாக்காதுடி! தைரியம் இருந்தா இறங்கி வந்து பேசுடி!"

மேட்டு வீட்டுத் தோட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தது! கையில் கவாத்துக் கத்தரி. "யாருடி அவ?" என்று ஒரு கத்தல். மைக் இல்லாமலே ஆற்றைத் தாண்டி வந்தது அந்தக் குரல். எழுபத்தொரு வயதில் அந்தச் சரிவை அவர் இறங்கிய வேகத்தை மான்சிக்கின் உழவு வண்டி இறங்காது. ஆற்றின் மிதிகல்லில் அவர் கால் வைத்தபோது முகட்டில் நெருப்பு தலை நீட்டியது. இக்கரை ஏறி வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "என்னடி சொன்னே? திரும்பிச் சொல்லுடி!" என்றபோது, பின்னால் அவர் வீட்டு ஓடுகள் வெடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் அது சண்டைப் பிடியாக இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில், போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு, அவர் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன். "முழுப் பேரைச் சொல்லி அவசரப்படுத்தினா நம்பாதே, இருந்த இடத்துலயே இருன்னு திங்கக்கிழமை திங்கக்கிழமை கத்தினது யாரு? நீதானே? ஆறு வருஷத்துல உன் பேச்சை நான் கேட்டது அது ஒண்ணுதான்டி! முகட்டுக்கு இந்தப் பக்கம் புகையும் தெரியல. உன் குரலைத் திருடினவனுக்கு என் பேரைத் திருடவா தெரியாதுன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் அக்கான்னு வேற கூப்பிட்டே. ஏமாத்துக்காரிதான்னு முடிவே பண்ணிட்டேன். நீ என்னை என்னிக்குடி அக்கான்னு கூப்பிட்டே?"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

ஆகவே அவையோரே, கேடயத்தில் எழுதியிருக்கும் நாற்பத்தொரு பேரை இயந்திரம் வெளியேற்றவில்லை. அவர்கள் மான்சிக்கின் வண்டியில் போனார்கள். சட்டைப்பையில் இருந்த கைபேசிகளும் கூடவே போயின. கைபேசி நகர்ந்ததைப் பார்த்த இயந்திரம், தன் சொல் கேட்டு ஊர் எழுந்தது என்று எழுதிக்கொண்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இங்கே பயத்தோடு நின்றிருக்க மாட்டேன். இனிதான் பயம் வருகிறது.

மூன்று வாரம் கழித்துப் பேங் தம்பி வந்தார். நல்ல பிள்ளை. தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். "தப்பு எங்க மேலதாம்மா. சரி பண்ணிட்டோம். கேட்டுப் பாருங்க" என்று மடிக்கணினியைத் திறந்தார். கோரியோங்காரம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். முதலில் மைக்கைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு இருமல் வந்தது. என் இருமல், அழித்துவிட்டதாகச் சொன்ன இருமல்! பிறகு பாட்டு. பிறகு "ஆ, ஆ". பிறகு, என் குரலில், என் கோபத்தில், அந்தக் குழறிய மரத்த நாக்கு உட்பட, "ஏ கோரியோங்காரி! உன் கிம்ச்சியை நாய்கூட மோந்து பாக்காதுடி!"

"முட்டை வண்டியோட காமிராப் பதிவுலேர்ந்து எடுத்தோம்மா" என்றார் தம்பி, பெருமையாக. "பட்டப்பேரு, ஊர்ப்பேரு, திட்டு எல்லாம் சேர்த்தாச்சு. இனிமே வித்தியாசமே தெரியாது."

கோரியோங்காரம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார், "சரிடி. அடுத்த தடவை நான் எதை நம்பி இறங்கி வர்றது?"

இந்த வட்டத்தில் யாரிடமாவது அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறதா? தலைவர் அவர்களே, உங்களிடம் இருக்கிறதா?

இருமல் என் அடையாளமாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். இரைச்சல் என் அடையாளமாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் உயிர் போகும் வேளையில் என் வயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த வசவு, அது ஒன்றுதான் எனக்கும் அவளுக்கும் நடுவில் மிஞ்சியிருந்த உண்மை. அதையும் எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டார்கள்! நல்லவர் கையில் இருக்கும் குரல் நாளை எவன் கைக்குப் போகும்? உங்கள் தாய் வீட்டுக்கு உங்கள் குரல் போய், "அம்மா, கதவைத் திற" என்றால், அவள் திறப்பாளா, மாட்டாளா? திறந்தாலும் பயம். நெருப்பு நேரத்தில் திறக்காவிட்டாலோ, அதைவிடப் பயம்!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறார் அங்கே ஒருவர். உண்மைதான் ஐயா, அரண்டுதான் போயிருக்கிறேன். ஓடு வெடித்த சத்தத்தை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்டேன். என்ன, இயந்திரமே வேண்டாமா என்கிறீர்களா? அப்படிச் சொன்னேனா? இயந்திரம் பேசட்டும்! நான்கு நொடியில் நெருப்பைக் கண்டுபிடிக்கும் கண் அதற்கு இருக்கிறது, எனக்கு இல்லை. கத்தட்டும், ஊளையிடட்டும், சங்கு ஊதட்டும். ஆனால் இயந்திரம் இயந்திரக் குரலில் பேசட்டும்! இது இயந்திரம் என்று கேட்ட மாத்திரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியட்டும். மனிதர் குரல் கேட்டால், அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று இருக்கட்டும்.

தால்கோலில் நாங்கள் ஒரு முடிவு செய்திருக்கிறோம். தனியாக இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள். நெருப்போ வெள்ளமோ, சங்கு ஊதியதும் அந்த ஆள் அந்தக் கதவுக்குப் போவார். குரல் வந்தால் போதாது, ஆள் வர வேண்டும். காது நம்பாவிட்டாலும் கதவைத் தட்டும் கையைக் கண் பார்க்கும். அந்த ஆள் வெளியூர் போனால் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கோரியோங்காரம்மா இப்போது இருக்கும் தகரப் பெட்டி வீட்டின் கதவுக்கு நான். என் கதவுக்கு அவர். மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டோம். நான் தட்டுகிற தட்டில் தகரம் நசுங்குகிறது என்று திட்டுகிறார். திட்டட்டும், அதை யாரும் பதிவு செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்.

துணைத் தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

இதோ பொத்தான். இதோ என் கை. இந்தக் கையை நான் எடுத்துக்கொள்கிறேன். இதை அழுத்த மாட்டேன். இருநூற்றுப் பதினான்கு குரல்களும் அவரவர் தொண்டைக்குத் திரும்பிப் போகட்டும் என்று வட்டத் தலைவரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். என் குரலை மட்டுமாவது இன்றே அழித்துக் கொடுங்கள். பேங் தம்பி, இந்த முறை உண்மையாகவே அழியுங்கள். கேடயத்தை மான்சிக்குக்குக் கொடுத்துவிடுங்கள். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கனமான பொருள் தேடிக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன் இந்த மைக்கை அணைக்கப் போகிறேன். ஏனென்றால் இதன் வழியாக வந்தால், நன்றி சொன்னது நான்தானா என்று உங்களுக்கு ஐயம் வரும். வர வேண்டும், இனி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அணைத்துவிட்டேன். கேட்கிறதா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? என்ன சொல்கிறீர்கள் கோரியோங்காரம்மா?

"கத்துடி! கிம்ச்சியைத் திட்டும்போது மட்டும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு!"

கேட்டீர்களா? மைக் இல்லாமல் எத்தனை தெளிவு! பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பிட்டு அவித்த தாய்மார்களுக்கும், என்னோடு ஊர் சுமக்கும் தலைவர்களுக்கும் நன்றி. கடைசி வரிசைக்கு இது எட்டியிருக்காது. அசையாமல் இருங்கள், நானே இறங்கி வருகிறேன். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகம் பார்த்து, ஊர்ப் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறேன்.